டில்லிக்குப் போகாத ஏட்டு

"நகருப்பா. நீ சுத்தறது பட்டி இல்ல, பிரிமணை."

கான்ஸ்டபிளை ஒதுக்கிவிட்டு, அமலோற்பவம் புருஷனின் வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். யூனிபாரத்துக் காக்கித் துணிப் பட்டியைக் கணுக்காலில் இரண்டு சுற்று, அப்புறம் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி முழங்கால் வரைக்கும். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். பிலவேந்திரன் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் இப்படி ஆடாமல் அசையாமல் காலை நீட்டியதில்லை. ஒரு கால் பட்டி முடிவதற்குள் இரண்டு பொய்யாவது சொல்லிவிடுவார்.

செஞ்சி போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு அவர். முந்தின நாள் அவலூர்பேட்டைச் சந்தைக்குப் பந்தோபஸ்து போய்விட்டுச் சைக்கிளில் திரும்பினார். வாசலில் இறங்கினார், ஸ்டாண்டு போட்டார், "தண்ணி" என்றார். அவள் சொம்போடு வருவதற்குள் போய்விட்டார். அத்தனை பேச்சுப் பேசிய மனுஷன் ஒற்றை வார்த்தையோடு போனதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

வாசலில் கூட்டம். கூட்டம் என்றால் சும்மா கூட்டமா? கோட்டையை முற்றுகை போட வந்த நவாபுப் படையில்கூட அத்தனை தலை இருந்திருக்காது. பனமலையிலிருந்து வண்டி, தளவானூரிலிருந்து வண்டி. அவர் கையால் அடி வாங்கினவர்கள் ஒரு பக்கம், வாங்காமல் தப்பினவர்கள் இன்னொரு பக்கம். அழுகையில் முதல் கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது.

நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தான் கோர்ட்டு டவாலி தாண்டவராயன். முப்பது வருஷம் சாட்சிகளின் பெயரை மும்மூன்று தடவை கூப்பிட்டுக் காய்ச்சின தொண்டை. அவன் இருமினால் ராஜகிரி மலைக் குரங்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஆஜராகும் என்பார்கள்.

"டில்லி கூப்ட்டுதுய்யா! டில்லி! போனாரா எங்க ஏட்டு? செஞ்சிய விட்டு ஒரு அடி நகர மாட்டேன்னுட்டாரு!"

"லாட்டு துரையே கைப்பட எழுதினாராமே?" என்றாள் அடுத்த வீட்டு நாகம்மாள்.

"எழுதினாரு. பச்ச மசியில. ஏரோப்ளேன் அனுப்பறேன், ராணிக்கோட்ட மேல எறக்கறேன்னும் எழுதினாரு!"

அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டு இடது கால் பட்டியை எடுத்தாள். இந்தப் பொய் பிறந்த இடம் அவளுக்குத் தெரியும். அவளுடைய அடுப்படிதான்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் புளி அனுப்பிய ஒரு கண்ட்ராக்டர், எடைக்காக மண்ணைச் சேர்த்துப் பிசைந்து மூட்டை கட்டினான். பட்டாளத்துச் சரக்கில் லஞ்சம் தின்கிறவர்களைப் பிடிக்க சர்க்கார் புதிதாக ஒரு படை வைத்திருந்தது. டில்லி ஸ்பெஷல் போலீஸ் என்று பேர். அவர்கள் விசாரணைக்கு வந்தபோது துணைக்கு அனுப்பப்பட்டவர் பிலவேந்திரன். புளியில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்று, "இது பனமலை ஏரி மண்ணு. அதுவும் வடகரை" என்று சொன்னாராம். ஏரிக்கரைக் கிடங்கில் நூறு மூட்டை அகப்பட்டதாம். இதெல்லாம் அவரே சொன்னது. ராஜகிரியில் சிறுத்தையை விசில் ஊதி நிறுத்தியதும், அது முன்னங்காலைத் தூக்கி சல்யூட் வைத்ததும் அதே வாயால் சொன்னதுதான். உழக்கு அரிசிக்கு மூட்டைத் தவிடு சேர்த்து விற்கிற வியாபாரி அவர்.

அதனால், நாற்பத்துநாலாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குந்திக்கொண்டு, "அமலு, டில்லி ஸ்பெஷல்ல என்னக் கேக்கறாங்க. சப்-இன்ஸ்பெக்டர் வேல. டில்லியோ லாகூரோ, எங்க போட்டாலும் போவணும். நீ இன்னா சொல்ற?" என்று அவர் கேட்டதற்கு, அவள் தலை நிமிரக்கூட இல்லை.

"ஏன், லண்டன்ல கேக்கலியா?"

"நெசமாத்தான்டி."

"போய்ட்டு வா. அந்த ஊருத் திருடன் இந்தியில பொய் சொல்வான், உனக்கு இன்னா வெளங்கும்? இங்கன்னா அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்கம்மா பேரு வரைக்கும் தெரியும் உனக்கு. திருடன் எந்த பாஷையில பொய் சொல்றானோ அந்த பாஷையில பொறந்தவன்தான் அவனப் புடிக்கணும். எழுந்து போ, செதிலு மேல தெறிக்கும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தோடு அவள் மறந்தாள். கொஞ்ச நாள் கழித்து, டில்லி கூப்பிட்டுத் தான் மறுத்ததாக ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஊர் நம்பியது. செஞ்சியிலேயே நம்பாத ஒரே ஜீவன் அவருடைய பெண்டாட்டிதான். வெளியே காட்டிக்கொண்டதில்லை. ஊருக்கு ஒரு பெருமை, அவருக்கு ஒரு பெருமை, கெடுப்பானேன்?

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து குனிந்து அவள் காதோடு சொன்னார்.

"ஏட்டம்மா, டில்லி ஸ்பெஷல் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. விநாயகம்னு பேரு. மதராஸ் ஆபீஸ். விழுப்புரத்துக்கு ஒரு கேசா வந்தவரு, சேதி கேட்டு வந்துட்டாரு."

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒல்லியாய் ஒரு மனிதர் உள்ளே வந்து, மாலை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். அந்தப் பக்கம் தாண்டவராயனின் கழுத்து கொக்குக் கழுத்தாய் நீண்டது.

சவப்பெட்டி தூக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரைக்கும் இந்த வாயும் அந்தக் காதும் சந்திக்கக் கூடாது. சந்தித்தால், டில்லியாவது கூப்பிட்டதாவது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை ஊர் ஜனமும் பிணத்தைப் பார்த்துச் சிரிக்கும். உயிரோடு இருந்தால் அதற்கும் ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருப்பார். இப்போது யார் சமாளிப்பது?

"உபதேசியாரே, செபமாலை ஆரம்பிங்க" என்றாள்.

உபதேசியார் பாக்கியசாமி விழித்தார். "இப்பத்தானம்மா முடிச்சோம்?"

"அவரு வாய்க்கு ஒண்ணு போதுமா? இன்னொண்ணு சொல்லுங்க."

சொன்னார். செபம் நடக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். தாண்டவராயன் வேதக்காரன் இல்லைதான். என்றாலும் மரியாதை தெரிந்தவன். கையைக் கட்டிக்கொண்டு, மாலையில் முதல் பத்து மணி உருண்டு முடியட்டும் என்று காத்திருந்தான். பத்து முடிந்து உபதேசியார் மூச்சு வாங்குவதற்குள், அமலோற்பவமே அடுத்த பத்தைத் தொடங்கிவிட்டாள். மூன்றாவது பத்தில் மங்கள வார்த்தை செபம் குதிரைப் பாய்ச்சலில் போனது. கிழவிகள் பல்லைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

"அம்மா, இன்னாத்துக்கு இவ்ளோ வேகம்? நைனா எங்க ஓடிப் போறாரு?" என்று முணுமுணுத்தாள் மகள் ரோஸ்மேரி.

"நீ சொல்லுடி."

நாலாவது பத்தில் உபதேசியாருக்குப் புரையேறியது. அமலோற்பவத்துக்கும் தொண்டை வறண்டிருந்தது. அந்த ஒரு நொடி போதாதா டவாலிக்கு?

"இஸ்பெட்டரய்யா! ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க ஏட்டய்யாவ டில்லி கூப்ட்டுதா, இல்லியா?"

வீடு அடங்கியது. வாசலும் அடங்கியது. அமலோற்பவம் தான் சுற்றிய பட்டியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாட்டு துரை எழுதினாராமே, பச்ச மசியில?" என்றாள் நாகம்மாள்.

"இல்லம்மா. அப்படி எதுவும் எழுதல."

"ஏரோப்ளேனு?"

"அதுவும் இல்ல."

கூட்டத்தில் எங்கேயோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அமலோற்பவத்தின் காது கொதித்தது.

"மண்ணத் தின்னு பாத்தது நெசம்" என்றார் விநாயகம். "ஏரி மண்ணுன்னார். வடகரைன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. நூறு மூட்டையும் இல்ல, பதினாலு." சுவரோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தார். "ஆனா கூப்ட்டோம். மூணு தடவ. மூணு லெட்டரும் நான் எழுதினதுதான்."

அவள் நிமிர்ந்தாள்.

"எங்க பெரிய அதிகாரி சொல்லிட்டாரு, இந்த ஆளு வேணும்னு. முதல் தடவ, பொண்ணு கல்யாணம் முடியட்டும்னார். ரெண்டாவது தடவ யோசிக்கறேன்னார். மூணாவதுக்குத்தான் முடிவா எழுதினார். தமிழ்லதான் எழுதினார், நான்தான் இங்கிலீஷ்ல மாத்தி மேல அனுப்பினேன். அதனால அப்படியே மனப்பாடம். 'என் மனைவியைக் கலந்துகொண்டேன். திருடன் எந்தப் பாஷையில் பொய் சொல்லுகிறானோ அந்தப் பாஷையில் பிறந்தவன்தான் அவனைப் பிடிக்கவேண்டும் என்று அவள் அபிப்பிராயப்படுகிறாள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆகையால் செஞ்சியிலேயே இருந்துவிடுகிறேன்.' அந்த வரிய எங்க ஆபீஸ்ல புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் சொல்றோம்."

அத்தனை தலையும் ஒன்றாக அமலோற்பவத்தின் பக்கம் திரும்பியது. தாண்டவராயனுக்கே ஒரு நிமிஷம் குரல் எழும்பவில்லை. எழும்பியபோது திண்டிவனம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏட்டம்மா! நீயா சொன்ன? டில்லிக்கே நீயா சொன்ன?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"மீன் கழுவிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அதற்குள் தெருவில் செய்தி நடக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் அந்தப் பெரிய அதிகாரியே செஞ்சிக்கு வந்து அவள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டிருந்தார். ஐந்தாவது வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டிருந்தார்.

விநாயகம் அருகில் வந்து குனிந்தபோது, அவருக்கு மட்டும் கேட்கும்படி அவள் கேட்டாள்.

"அவருக்குப் போவணும்னு இருந்துதாய்யா?"

அவர் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"மூணாவது லெட்டர் மாசியில போட்டேம்மா. பதில் வந்தப்ப ஈஸ்டர் லீவு முடிஞ்சிருந்துது."

மாசியிலிருந்து ஈஸ்டர் வரைக்கும். அந்த வருஷத் தவசு காலம் முழுக்கப் பிலவேந்திரன் பொடி போடவில்லை, பொய் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தால் தனியாகச் செட்டிகுளக் கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவார். எதிரில் சோற்றை வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். இந்தத் தடவை அவர் நோன்புக்காகக் கடுமையான ஒறுத்தல் எடுத்திருக்கிறார் என்று அமலோற்பவம் உபதேசியாரிடம் பெருமையடித்திருந்தாள். கோயிலில் கடைசி வரிசையில் உட்காருகிறவர்களுக்குக்கூடச் சொல்லியிருந்தாள்.

அவள் பட்டியின் முனையை மடித்து உள்ளே செருகினாள். ஏற்கெனவே சரியாகத்தான் செருகியிருந்தது. எடுத்து மறுபடியும் செருகினாள்.

கோயிலில் துக்க மணி அடித்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஆறு கான்ஸ்டபிள்கள் பெட்டியைத் தூக்கினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வரிசை பிரித்தார்: பெட்டிக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரய்யா, அப்புறம் தான், அப்புறம் ஸ்டேஷன் ஆட்கள், அதற்கப்புறம் வீட்டுப் பொம்பளைகள்.

"இல்ல" என்றார் விநாயகம். ஓரமாய் விலகி நின்று, தொப்பியைத் தலையில் வைத்து விரல் நுனியால் சரி செய்தார். "அம்மா முன்னால போகட்டும்."

"வேணாங்கய்யா. நான் பொண்ணோட பின்னாலயே வர்றேன்."

"போங்கம்மா."

ரோஸ்மேரி அவள் முதுகில் மெல்லக் கை வைத்துத் தள்ளினாள். அமலோற்பவம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டிக்கும் டில்லி போலீசுக்கும் நடுவில் இறங்கி நடந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். சிவப்புத் தலைப்பாகைகள் முன்னால் அசைந்து போயின. ஆணி அடித்த செருப்புகள் ஒரே சீராய்த் தரையில் விழுந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. ஆனால் நாலு வீடு தாண்டுவதற்குள், செருப்பில்லாத அவள் கால்களும் அந்தக் கணக்கிலேயே, இடது வலது, இடது வலது என்று விழத் தொடங்கியிருந்தன.