கயிற்றின் கடைசி ஆள்

சாயங்கால விளையாட்டு வகுப்புக்கு வந்திருந்தவர்கள்: பி.டி. டீச்சர் ஜெயசுதா. ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸில் வரும் எட்டுப் பேர், அவர்களுக்குத் தலைவன் பிரபாகரன். தங்கச்சிமடம் பஸ்ஸில் வரும் எட்டுப் பேர், அவர்களுக்கு ஆன்டனி ராஜ். கணக்கு வாத்தியார் வசந்தகுமார், யாரும் அழைக்காமல். இரவுக் காவலுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்ட நான், சாவியோடு.

இரண்டு பஸ்காரர்களும் ஒரே பதினோராம் வகுப்பு. ஜூனிலிருந்து அடிதடிதான். இன்னொரு சண்டை வந்தால் விளையாட்டு வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமை ஆசிரியை அமுதவள்ளி சொல்லியிருந்தார். அதை நம்பி வசந்தகுமார் விளையாட்டு அறைக்குள் தன் கரும்பலகையைக் கொண்டுவந்து வைத்தேவிட்டார்.

ஜெயசுதா இரண்டு பஸ்ஸையும் கலந்து, எட்டெட்டாகப் பிரித்து, இழுக்கக் கயிற்றைக் கொடுத்தார். ஓர் அணியில் பிரபாகரன் முதல் ஆள், ஆன்டனி கடைசி ஆள்.

விசில் அடித்ததும் பிரபாகரன் திரும்பி நின்று கயிற்றைத் தோளில் போட்டான். அவன் ஊரில் தேர் அப்படித்தான் நகரும். ஆன்டனி நாலடி பின்னால் போனதும் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடினான். அவன் ஊரில் கடலிலிருந்து கரைவலையைக் கரைக்கு இழுக்கும்போது கடைசி ஆள் அப்படித்தான் முன்னால் போய் மறுபடி பிடிக்க வேண்டும். இரண்டு மூக்குகளும் மோதின. எதிரணியிலும் இதே கதை. பதினாறு பேரும் மண்ணில்.

“ஏலே, கண்ணு இல்லையா?”

“நீ எதுக்குடா எங்களப் பாத்து இழுக்குற? பின்னாடி சாமியா வருது?”

“நீ எங்கலே ஓடுன? மீன் தப்பிச்சிருச்சா?”

ஒரு சட்டை கிழிந்தது. வசந்தகுமார் ஓட்டமாக ஓடித் தலைமை ஆசிரியையைக் கூட்டி வந்தார். வரும்போதே, “இனி இந்த நேரம் தினமும் ட்ரிக்னாமெட்ரி, மேடம்” என்றார்.

அது பதினாறு பேர் காதிலும் விழுந்தது.

“சண்டையா?” என்றார் அமுதவள்ளி.

“இல்ல மேடம், பழகுறோம்” என்றான் பிரபாகரன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

“சட்டை?”

“நாந்தான் மேடம். விழுந்தவனத் தூக்கிவிட்டேன்” என்றான் ஆன்டனி. “என்னா கனம்!”

“மங்கலத்துச் சோறு மேடம்” என்றான் பிரபாகரன்.

அமுதவள்ளி என்னைப் பார்த்தார்.

“நான் ராத்திரிக்குத்தான் வாட்ச்மேன், மேடம். வெளிச்சத்துல நடக்குறது எனக்குத் தெரியாது.”

பாசமெல்லாம் இல்லை. அவர்களுக்குக் கணக்கு பிடிக்காது, அவ்வளவுதான். நானும் அதில்தான் படிப்பை விட்டேன்.

“விளையாட்டு வகுப்பு இருக்கட்டும். பலகையை எடுங்க, சார்” என்றார் அமுதவள்ளி.

உதவ வந்த பிரபாகரனும் ஆன்டனியும் பலகையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வசந்தகுமார் அதைப் பிடுங்கித் தானே தலையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். அவர் முதுகுக்குப் பின்னால் விளையாட்டு அறைக் கதவைச் சாத்திப் பூட்டினேன்.