மணிக்கூண்டு நிழல்

அந்தப் பொறியியல் கல்லூரியின் மணிக்கூண்டு இருந்தது இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில். அதன் நிழல் விழுந்தது பெரியப்பா வீட்டு முற்றத்தில். அவருடைய அப்பா பட்டம் வாங்கிய வருடம் வந்த நிழல், அவரும் தம்பியும் அங்கேயே படித்து முடித்ததும் கறுத்துத் தடித்து மாடிப்படி வரை நீண்டது. சம்பந்தம் பேச வந்தவர்கள் நிழலைப் பார்த்தபின் வேறெதையும் விசாரிக்கவில்லை. குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, அந்த நிழலில் நாற்காலி போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்து குடும்பப் பேரைக் காவல் காத்தார். தம்பி மனைவிக்கு ஒரே குறை, வந்த நாள் முதல் துணி காயவில்லை. “பெருமையைப் பிழிஞ்சு போட்டாலும் இந்த வீட்டுக் கொடியில காயாது” என்று சுவரிடம் சொல்வாள். சுவர் அதைப் பெரியப்பாவிடம் சேர்த்துவிடும்.

தம்பி மகளுக்கு அங்கேயும் இடம் கிடைத்தது, யாருக்கும் தெரியாத இன்னொரு கல்லூரியிலும் கிடைத்தது. அவள் இரண்டாவதைச் சொன்னாள். இந்தத் தலைமுறையில் ஒருவரும் மணிக்கூண்டுக் கல்லூரிக்குப் போகாவிட்டால் நிழல் கைமாறிவிடும். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், மகனுக்கு அங்கே இடம் கிடைத்த தைரியத்தில், முற்றத்தைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார்.

“காலேஜ் பேரைச் சொன்னா நாலு பேர் எழுந்து நிக்கணும்மா. உன்னோடதைச் சொன்னா, எங்க இருக்குன்னு கேக்கறான்.”

“எழுந்து நின்னுட்டு அப்புறம் என்ன பண்ணுவாங்க, பெரியப்பா?”

அதையும் நேரில் பார்த்துவிடலாம் என்று இரண்டு கல்லூரிக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பெரிய கல்லூரியில், மாலை வெயில் சாய்ந்து அடித்தும், மணிக்கூண்டின் காலடியில் துளி நிழல் இல்லை. எல்லாம் பழைய மாணவர் வீடுகளுக்குப் போயிருந்தது. பிள்ளைகள் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவர் கழற்றிப் பூட்டிப் படித்த பம்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. “ஓட்டினா தேஞ்சுடும் சார். பாரம்பரியம் இல்லையா?” என்றார் பேராசிரியர். மற்றக் கல்லூரியில் மணிக்கூண்டும் இல்லை, ஒழுங்கான வாசலும் இல்லை. தகரக் கொட்டகைக்குள் ஒரு மாணவி பம்பைக் கழற்றிப் போட்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். தம்பி மகள் பக்கத்தில் குந்திக் கையை உள்ளே விட்டாள். “வாஷரைத் தலைகீழா போட்டிருக்கே” என்றார் பெரியப்பா. “நீங்கதான் தலைகீழா நின்னு பாக்கறீங்க சார்” என்றாள் அந்த மாணவி. சரிபார்க்கக் குனிந்தார். அவள் சொன்னதுதான் சரி. அவர் முதுகு வளைந்ததைப் பார்த்த தம்பி மகள், மறுபடி பம்புக்குள் கையை விட்டாள்.

“அந்தக் கொட்டகையிலேயே சேர்ந்துக்கோ” என்றார் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றும் சாக்கில் முகத்தைக் காட்டாமல்.

அவள் சேர்ந்த அன்று நிழல் எழுந்து, ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்று, தெருவைக் கடந்தது. தம்பி மனைவி திரைச்சீலை வரை துவைத்துப் போட்டாள். “பழகின நிழல்தானே சார், இங்க வந்து உக்காருங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். பெரியப்பா குடை பிடித்து வெயிலிலேயே, முதுகு சாயாமல், வருடக்கணக்கில் உட்கார்ந்தார்.

அவள் பட்டம் வாங்கிய வாரம், முற்றத்தில் ஒரு நாற்காலி கொள்ளும் அளவுக்குத் தகரக் கொட்டகை ஒன்றின் நிழல் விழுந்தது. லேசாகக் கிரீஸ் வாசனை அடித்தது. எதிர்வீட்டுக் கொடியிலிருந்து ஈரத்துணியை அள்ளிக்கொண்டே மருந்துக்கடைக்காரர் கேட்டார், அது எந்தக் காலேஜ் என்று. பெரியப்பா தெருமுனை வரை கேட்கும்படி பேரைச் சொன்னார்.

“அது எங்க சார் இருக்கு?”

“இங்கதான்” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டுக் குடையை மடக்கினார். தம்பி மனைவி கொடியை இரண்டடி தள்ளிக் கட்டிக்கொண்டாள்.