கேஜ் வீல் ஓட்டிய காடு

“மூடின அஞ்சு எடத்தையும் திரும்பத் தோண்டணும் சார்.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே காண்ட்ராக்டர் சபரிநாதன் சொல்லியிருந்தார். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், மூடிய மண்ணைத் தோண்டச் சொல்லி மட்டும் கேட்காதே. அப்பாவும் வீட்டில் அதையே சொன்னார். ஆனாலும் கேட்டுவிட்டேன். சார் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கதவோரம் நின்ற அப்பாதான் என்னைப் பார்த்தார்.

மன்னார்குடியிலிருந்து பேராவூரணி போகும் வழியில், காரை, வீரை மரங்கள் நெருங்கி வளர்ந்த காப்புக்காடு எங்கள் ஊரை ஒட்டியது. சர்க்கார் நிலம். பூமிக்கடியில் சுரங்கம் வெட்டலாமா, நிலக்கரி எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து, ஐந்து இடத்தில் மரத்தை வெட்டி போர் இறக்கியது. திட்டம் நின்றதும் மிஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. துளைகளைச் சிமெண்ட் ஊற்றி அடைத்து, மேலே பழையபடி காடாக்கித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வேலைதான் சாருக்குக் கிடைத்தது. நான் அவரிடம் சூப்பர்வைசர். தாவரவியல் படித்தவள், எங்கள் தெருவின் முதல் டிகிரி. அப்பா ரெத்தினம் அங்கே மேஸ்திரி. ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் அடுத்தவர் ஏவ உழைத்தவர், இப்போதுதான் முதல்முறையாக இருபது பேரை ஏவுகிறார்.

நான் சேருவதற்கு முன்பே மண்வேலை முடிந்திருந்தது. லாரி டயர் பதிந்த பள்ளங்களுக்கு அப்பாவின் ஆட்கள் தண்ணீர் விட்டு ஊறவைத்து, இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய கேஜ் வீல் டிராக்டர் ஓட்டிச் சேறாக்கி, பரம்படித்து, சுற்றிலும் வரப்பு கட்டியிருந்தார்கள். கண்ணாடி மாதிரி சமம். அதில் கயிறு பிடித்து வரிசையாகக் காட்டுக்கன்றுகளை நட்டிருந்தார்கள். நடவு வயல்தான், நெல்லுக்குப் பதில் மரம். வந்தவர் போனவரெல்லாம் பாராட்டினார்கள். வயல் ஆட்களைக் கூப்பிட்டு ‘சமன் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வேறென்ன செய்வார்கள்? சொல்லிவிட்டுப் போனது சார்.

நெல்லுக்குச் சேறடிப்பதே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பதற்குத்தான். காட்டு மரத்துக்கு அது இறங்கியாக வேண்டும். போன வாரம் ஒரு மழை பெய்தது. அதற்குப் பிறகு ஒரு வீரைக் கன்றை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, சாக்கடை வாடை. இலை மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து நானூறு கன்றையும் அப்படித் தொட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு பிழைத்திருக்கிறது.

சார் மேஜையில் இருந்த ஃபாரத்தில் பிழைத்த கன்று முந்நூற்று எண்பது என்று டைப் அடித்திருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். நான் போட்டால் நாளைக்கே வனத்துறை நிலத்தை ஏற்றுக்கொள்ளும். அப்புறம் அந்த மண்ணை ஒருவரும் தொடப்போவதில்லை. ஐப்பசி மழையில் மிச்சமும் அழுகி, காட்டுக்கு நடுவே ஐந்து கோரைத் திட்டுதான் நிற்கும். இறுகிய மண்ணை இப்போதே உடைத்துப் போட்டால் இந்த மழைக்கே திரும்ப நடலாம்.

“மேல பச்சையாத்தானம்மா இருக்கு,” என்றார் சார். “ஆபீசர் என்ன, வேரைப் புடுங்கியா பாக்கப்போறாரு?”

“நான் பாத்துட்டேன் சார்.”

அவர் சிரித்தார். மேஸ்திரி, உங்க பொண்ணுக்கு நம்ம காடு பத்தாது, அமேசானுக்கு அனுப்பிடலாம் என்றார் அப்பாவிடம். பிறகு சிரிக்காமல், சத்தமும் போடாமல் சொன்னார். தோண்டினால் ஏன் தோண்டினீர்கள் என்று கேட்பார்கள். மண்ணைக் கெடுத்தது யார் என்று எழுதித் தர வேண்டியிருக்கும். தான் மேஸ்திரி பெயரைத்தான் எழுதித் தருவாராம். அதோடு அப்பாவுக்கு மேஸ்திரி வேலை கிடையாது.

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னிடம்தான் கேட்டார்.

“தண்ணி ஊத்திப் பாத்தியா?”

“நேத்துக் காலைல ஒரு கொடம் ஊத்துனேன்ப்பா. மத்தியானம் சோறு திங்க வர்றப்பவும் அப்படியே நின்னுச்சு.”

ஒரு நொடி அவர் முகத்தில் பெருமை வந்தது. நல்லாச் சேறடித்தவனுக்கு வரும் பெருமை. அது எதைக் கொன்றது என்று உறைத்ததும் முகம் இறங்கியது.

“எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல பாப்பா.”

“சொன்னா கேக்க விட்டுருப்பியா?”

சார் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை. எனக்குப் பேனா தேவைப்படவில்லை. தொண்ணூற்றிரண்டு என்று எழுதி, காரணத்துக்கு நேராக ‘காட்டு மண்ணை வயலாகச் சேறடித்தது’ என்று எழுதி, காலையிலேயே கையெழுத்துப் போட்ட இன்னொரு ஃபாரம் என் பையில் இருந்தது. அதில் யார் சேறடித்தது என்று கேட்கும் கட்டம் இல்லை. வனத்துறை ரேஞ்சர் வாய்விட்டுக் கேட்டால் இரண்டு பெயரையும் சொல்வேன். ஏவிய சார் பெயர் முதலில், அப்பா பெயர் பிறகு.

ரேஞ்சர் ஆபீஸ் திறக்கும் நேரம் ஆகியிருந்தது. பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். கதவோரம் நின்ற அப்பா மறிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. அவர் தோளை உரசிக்கொண்டு வெளியே நடந்தேன்.