நாற்பத்தொரு பேருக்கும் பத்தே கால்

அந்த வகுப்பில் எல்லாருக்கும் அவள் அக்காதான். மற்ற முப்பது பேரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள், அவளுக்கு முப்பத்தொன்பது. வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காலையில் தம்பியின் சலூனில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை மணி என்று நோட்டில் நேரம் குறித்துக் கொடுப்பாள். மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடுவாள். அங்கே அவள் படித்தது வலைத்தளத்தின் பின்கட்டு வேலை: நாம் இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் சர்வர் அங்கே என்ன செய்கிறது, டேட்டாபேஸில் எதை எப்படி எழுதி வைக்கிறது என்பதெல்லாம்.

போன வருடம் புராஜெக்டில் கோட்டை விட்டிருந்தாள். தளம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அவள் கற்பனையில் பிறந்தவர்கள். “இதை நிஜமா யாராவது உபயோகிச்சாங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சார் ஃபெயில் போட்டார். இந்த வருடம் விட்டால் மூன்றாவது வாய்ப்புக் கிடையாது. ஒரு நிஜ ஆள் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாய்மொழித் தேர்வு.

நிஜ ஆளுக்கு எங்கே போவது? தம்பிதான் கிடைத்தான். அவன் லேசில் மசியவில்லை.

“நோட்டு நல்லாத்தானேக்கா இருக்கு. முப்பத்தொம்பது வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பாடு?”

இந்தக் கேள்வியைத் தவிர அவள் படிப்பைப் பற்றி இரண்டு வருடமாக அவன் வேறு எதுவும் கேட்டதில்லை. அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். இருந்தும் மூன்று நாள் விடாமல் நச்சரித்தாள். கடைசியில் அவன் நோட்டைத் துண்டுகள் அடுக்கிய அலமாரிக்குள் தள்ளிவிட்டு, “ஒரு வாரம் தொடமாட்டேன், போதுமா?” என்றான்.

சலூனுக்கு நேரம் குறிக்க அவள் எழுதிய தளம் ஐந்து நாள் ஒழுங்காக ஓடியது. யாருடைய நேரம் மாறினாலும் அவருடைய போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும். அதை எழுதி முடித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

புதன் மதியம் ஆய்வகத்தில் இருந்தபோது பஸ் டிரைவர் ஒருவர் அழைத்தார். நாளை பத்தே காலுக்கு மாற்றித் தர முடியுமா என்றார். தளத்துக்குள் போய் நாலு பொத்தான் அழுத்த அவளுக்குப் பொறுமையில்லை. நேரே டேட்டாபேஸிலேயே மாற்றிவிடலாமே என்று ஒரு வரி தட்டினாள். நேரத்தை வியாழன் பத்தே கால் ஆக்கு. அவ்வளவுதான் வரி. யாருடைய நேரத்தை என்ற நிபந்தனையைப் போட மறந்துவிட்டாள். டேட்டாபேஸ் மாதிரி சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை உலகத்தில் கிடையாது. யாருக்கு என்று சொல்லாவிட்டால் எல்லாருக்கும்.

நாற்பத்தொரு வரிகள் மாற்றப்பட்டன என்றது திரை.

அடுத்த நொடி ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு போன் அடித்தது. பலகையில் எழுதிக்கொண்டிருந்த சாருடைய போன். அவரும் தம்பியிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் செய்தியைப் படித்தார், பின்னந்தலையைத் தடவிப் பார்த்தார், “சனிக்கிழமைன்னு நினைச்சேன்” என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி எழுதத் திரும்பினார்.

வகுப்பு அவருக்கு வைத்திருந்த பெயர் பேக்கப் சார். மாற்றுவதற்கு முன்னால் நகல் எடு, எடுத்த நகலைத் திறந்து பார் என்று தினமும் சொல்வார். அக்காவும் நகல் எடுத்துத்தான் இருந்தாள். தளம் தொடங்கிய அன்று, பட்டியல் காலியாக இருந்தபோது.

தம்பியிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் கையெழுத்துப் போடுவானா? பயம் வாயைக் கட்டிப்போட்டது. செய்தி அனுப்பும் சேவையின் இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து செய்திதான் போகும், நாற்பத்தொன்று போய் மிச்சம் நாலு. அவளுக்குப் பழைய நேரம் நினைவிருந்ததும் நாலு பேருக்குத்தான். அந்த நாலையும் அனுப்பிவிட்டு மற்றவர்களைப் போனில் பிடிக்க உட்கார்ந்தாள்.

“அண்ணே, அந்த மெசேஜ் தப்பா வந்துடுச்சு. உங்க பழைய நேரத்துக்கே வாங்க.”

“பழைய நேரம் எதும்மா?”

“உங்களுக்கு ஞாபகம் இல்லையா?”

“மெசேஜ் வரும்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் ஞாபகம் வச்சுக்கல.”

பாதிப் பேர் போனையே எடுக்கவில்லை. சாரை அழைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. அது நாலு பேர் உட்காருகிற பெஞ்சு. பத்தே காலுக்குக் கடைக்குள் பதினெட்டுப் பேர், வாசலில் ஆறு பேர். பல் டாக்டரும் பஸ் டிரைவரும் கைகழுவும் தொட்டிப் பக்கம் ஒட்டி நின்றார்கள். இரட்டைக் குழந்தைகளின் அப்பா, ஆளுக்கொரு கையாகப் பிடித்தபடி, “எங்களுக்குத்தான் பத்தே கால்” என்றார். “எனக்கும்” என்று பத்துக் குரல் வந்தது. எல்லாருக்கும் பின்னால் பேக்கப் சார் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

தம்பி கத்தரியை நிறுத்தினான். “என்னக்கா இது?”

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? “நான்தான்டா. ஒருத்தருக்கு மாத்தப் போய் எல்லாருக்கும் மாத்திட்டேன்.”

“நிபந்தனை போடலியா?” என்றார் சார் வாசலிலிருந்து.

“இல்லை சார்.”

“பேக்கப்?”

அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு வருடப் படிப்பு காலடியில் வெட்டிப்போட்ட முடியோடு கிடக்கிறது என்று தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தம்பி போய்த் துண்டுகளுக்கு அடியிலிருந்து நோட்டை உருவினான். நேற்று மதியம் வரை அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

அழுகை போய்க் கோபம் வந்தது அவளுக்கு. “தொடமாட்டேன்னு சொன்னியே!”

“நீ காலேஜுக்குக் கிளம்பினதும் என் போன்ல சைட்டைப் பார்த்து எழுதி வச்சுடுவேன்” என்றான் அவன், மாட்டிக்கொண்ட முகத்தோடு.

சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நோட்டைப் புரட்டினார். “தினமுமா?”

“தினமும் சார். எழுதினதை ஒரு தடவை சரிபார்த்துடுவேன்.”

“என் கிளாஸ்ல முப்பத்தோரு பேர். ஒருத்தர்கூட இதைச் செய்யல.” அவர் அக்கா பக்கம் திரும்பினார். “நிபந்தனை இல்லாத வரியை உங்க டேட்டாபேஸ் ஏத்துக்கவே கூடாது. நாளைக்கு அதைச் செஞ்சு காட்டுங்க.” பிறகு தம்பியிடம், “இவ்வளவு ஆனப்புறமும் இதை வச்சுக்குவீங்களா?” என்றார்.

“வச்சுக்குவேன் சார். ஆளுங்க வாசல்ல காத்துக் கிடக்கிறது நின்னுபோச்சு, இன்னைக்குத் தவிர. நோட்டும் பக்கத்துல இருக்கும்.” படிவத்தை வாங்கி, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கையெழுத்துப் போட்டான். “சார், உங்களுக்கு சனிக்கிழமைதான். போயிட்டு வாங்க.”

சார் தலையாட்டிவிட்டுப் போனார். இன்றைக்கு உரியவர்கள் மட்டும் இருந்தார்கள்; மற்றவர்கள் தங்கள் நாளைக் கேட்டுக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

மதியம் கடை ஓய்ந்ததும் தம்பி நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் நேரங்களைத் திருத்தினாள். கோபம் இன்னும் ஆறவில்லை. வேண்டுமென்றே விசைகளை ஓங்கித் தட்டினாள்.

“வெள்ளி பத்து மணி, தபால்காரர். வெள்ளி பன்னெண்டரை, பேங்க் மேனேஜர்.”

“பதினொண்ணு?”

“அது வேணாம்க்கா. அடுத்தது சொல்றேன்.”

“இன்னும் எத்தனை ஒளிச்சு வச்சிருக்கே? குடு இப்படி.”

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளி பதினொன்றுக்கு முதலில் பல் டாக்டர் இருந்தார். அவரை அடித்துச் சனிக்கு மாற்றியிருந்தது. பக்கத்தில் தம்பியின் கோணல் எழுத்து: அக்கா பரீட்சை. கடை ஒரு மணி நேரம் லீவு. போகணும்.

“டாக்டருக்கு நானே போன் பண்ணிட்டேன்” என்றான் அவன், சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. “உள்ள விடமாட்டாங்கல்ல? வெளியில நிப்பேன்.”

இத்தனை நாள் இவனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. லேப்டாப்பை இழுத்து ஒரு புது வரி சேர்த்தாள். எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தபிறகே அழுத்தினாள்.

தம்பியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, உதட்டை அசைத்துப் படித்தான். உங்கள் நேரம் வெள்ளி பதினொரு மணி, தவறாமல் வரவும்.

“எனக்கு மட்டும்தானே அனுப்பினே?” என்றான்.

“உனக்கு மட்டும்தான்டா” என்றாள் அக்கா.