லோடு ஆடக்கூடாது

லியோனார்ட் ராயபுரத்தில் பேர்போன ஓட்டவாய். துறைமுகத்தில் பத்தொன்பது வருஷமாகக் கிரேன்காரனுக்குக் கை காட்டும் சிக்னல்மேன். வாய்க்கு வேலையில்லாத அந்த எட்டு மணி நேரத்தையும் சேர்த்து வீட்டில் பேசிவிடுவான். தலைக்குள் கட்டி என்று டாக்டர் சொன்னபோதே, "உள்ள இவ்ளோ எடம் காலியா கீதுன்னு தெரியாம பூட்ச்சே சார்" என்றவன்.

கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் அது முன்னமே மூளைத் தண்ணீரோடு இறங்கி, முதுகுத்தண்டில் புள்ளிபுள்ளியாக ஒட்டியிருந்தது. கால் இரண்டும் மரத்துக்கொண்டு வந்தன. உச்சந்தலை முதல் முதுகின் அடிவரை முப்பது நாள் கதிர்வீச்சு, மில்லிமீட்டர் பிசகக்கூடாது. தவறினால் நடை போகும் என்பதை டாக்டர் சுற்றிவளைத்துச் சொன்னார். மனைவி ஆன்சிக்கு அந்தப் பழக்கமில்லை.

"ஆடாம படுத்தாதான் காலாம். நீ நம்ம கல்யாணப் பூசையிலயே ஆடாம நிக்கல."

முதல் நாள் வலை முகமூடியை முகத்தில் வைத்து மேசையோடு பூட்டினார்கள். டெக்னீஷியன் கௌசர், அவன் உடம்பிலிருந்த மைக்குறிகளோடு பச்சை ஒளிக்கோடுகள் சேரும்படி மேசையை நகர்த்தினாள். சேர்ந்தது, விலகியது. மூன்று தடவை.

"அண்ணே, கைய ஏன் ஆட்டுறீங்க?"

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. மேசை இறங்க இறங்க, அவன் ஆள்காட்டி விரல் கீழே காட்டிச் சுழன்றுகொண்டிருந்தது. மெதுவா இறக்கு! கையோடு தோளும், தோளோடு முதுகும் ஆடின.

முகமூடியைக் கழற்றியதும் அசடு வழிந்தான். "தொழில் புத்தி தங்கச்சி. எது நகுந்தாலும் கை எந்திரிச்சிடுது."

"எங்க அத்தாவும் ஹார்பர்தாண்ணே. ஒரு லோடுக்கு எத்தினி சிக்னல்மேன்?"

"ஒருத்தன்தான். ரெண்டு பேரு காட்னா கீழ நிக்கிறவன் காலி."

"இங்க அந்த ஒருத்தி நான். நீங்க லோடு."

முகமூடி இல்லாமலேயே அவன் வாய் மூடிய முதல் சந்தர்ப்பம் அது.

அதற்கப்புறம் லோடு ஆடவில்லை. வாந்தி வந்தது. முடி கொட்டியது. "வேளாங்கண்ணி போகாமலே மொட்ட" என்று ஊரெல்லாம் காட்டினான். ஒருநாள் முகமூடிக்குள் அழுகை வந்தபோது கண்ணீரை மட்டும் போகவிட்டான், தோளை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஸ்கேன். புள்ளிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. மருந்து இன்னும் பாக்கி, ஆனால் கால் பிழைத்தது என்றார் டாக்டர். லியோனார்ட் சக்கர நாற்காலியிலிருந்து வாக்கரைப் பிடித்து எழுந்தான். நீண்ட வராந்தாவின் கோடியில் கௌசர்.

"மொத நாள விட்டா, மிச்ச இருபத்தொம்பது நாளும் ஒரே வாட்டியில கோடு சேந்துச்சு!" பக்கத்து டெக்னீஷியனிடம் தன் பிள்ளை ராங்க் வாங்கியதுபோல் சொன்னாள். பிறகு தன் அப்பாவிடம் பார்த்த மாதிரியே கையை நீட்டி மடக்கினாள். வா.

"லெப்ட்ல வா, பாத்து..." ஆன்சி ஆரம்பித்தாள்.

"ஏய், சிக்னல் ஒருத்தர்தான்!"

பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடம் திரும்பினாள் ஆன்சி. "எங்க வூட்டுக்காரரு," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆடாம வராரு பாருங்க."

பதினோராவது அடியில் கௌசர் முஷ்டியை மூடினாள். நிறுத்து.

நின்றான், தன் இரண்டு காலில்.