பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

தேர்வில் தேறிவிட்டதாக வந்த மின்னஞ்சலைக் குமுதா அடுப்படியில் நின்றபடியே நான்கு தடவை படித்தாள். நாற்பத்து மூன்று வயதில், மூன்றாவது முயற்சியில். குழம்பு அடிப்பிடிக்கிற வாடை வந்த பிறகுதான் கையை நீட்டி நெருப்பைக் குறைத்தாள். மின்னஞ்சலோடு ஒரு கோப்பும் இணைந்திருந்தது. இனிமேல் பெயருக்குப் பின்னால் எழுத்துகளை எப்படிப் போட்டுக்கொள்வது என்று உடற்பயிற்சியாளர் வாரியம் அதில் இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தது. முதலில் பெயர், ஒரு காற்புள்ளி, பிறகு சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் என்பதைக் குறிக்கும் சிஎஃப்டி. பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் இருந்தால் அது சான்றிதழுக்கு முன்னால் வர வேண்டும். சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் எழுத்துகளை எடுத்துவிட வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைக்கக் கூடாது.

கடைசி வரியைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடற்பயிற்சி வகுப்பை அவளோடு நடத்தும் ஷர்மினி மூன்று வருஷமாகப் புள்ளி வைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டையில், பலகையில், வாட்சாப் படத்தில், எல்லா இடத்திலும் சி.எஃப்.டி. என்று மூன்று புள்ளி. பாவம், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இருவரும் லகாட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எட்டு வருஷம் ஒரே வரிசையில் நின்றவர்கள். குமுதாவின் அப்பா இராமசாமி ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம் செம்பனையாகி, பிறகு தாமான் குடியிருப்பாகிவிட்டது. பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஷர்மினி ஆறு வயது இளையவள், ஆங்கிலம் சரளம், கலகலப்பான பெண். வேலை முடிந்து தாமான் திடலில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு உடற்பயிற்சி செய்யத் தொடங்கியது அவள்தான். "முறையாப் படிச்சு சிஜில் எடுத்தாத்தான்க்கா நாலு பேரு நம்புவாங்க" என்று சொல்லிச் சான்றிதழ்ப் படிப்பில் குமுதாவையும் சேர்த்துவிட்டாள். கோலாலம்பூருக்கு ரயிலேறிப் போய் இருவரும் ஒரே நாளில் தேர்வு எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துத் தான் தோற்றுவிட்ட செய்தியைப் பார்த்துக் குமுதா உட்கார்ந்திருந்தபோது ஷர்மினி கேக்கோடு வந்தாள். தான் பாஸ் என்றாள். குமுதா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "விடுங்கக்கா, அடுத்த தடவ வரும். நான் சொல்லித் தாரேன்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் குனோங் ராபாட்டில் ஒரு கடையின் மேல்மாடியில் வகுப்பு திறந்தார்கள். ஷர்மினி தலைமைப் பயிற்சியாளர், குமுதா உதவி. பாய் விரிப்பது, வயதானவர்களின் முதுகைத் தாங்கிப் பிடிப்பது, மூச்சு வாங்குகிறவர்களை உட்கார வைப்பது எல்லாம் அவள் வேலை. அதில் அவளுக்கு வருத்தமே இருந்ததில்லை. படித்தவள் சொல்கிறாள், நாம் செய்கிறோம், அதுதானே முறை என்றிருந்தாள். முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜொஹரா பீவி, பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரரின் மனைவி, சேர வந்தபோது தயங்கினார். "இந்தப் புள்ளைக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?" என்று கேட்டவரிடம் குமுதாதான் அடித்துச் சொன்னாள்: "பரீச்ச எழுதி பாஸ் பண்ணவ பீவிம்மா. நான் பொறுப்பு."

மின்னஞ்சலில் வந்த கோப்பின் அடியில் ஒரு இணைப்பு இருந்தது. சான்றிதழ் பெற்ற எல்லாருடைய பெயரும் அந்தப் பதிவேட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம் என்றிருந்தது. ஷர்மினியின் பெயர் எப்படி இருக்கிறது, புள்ளியோடா புள்ளி இல்லாமலா என்று பார்க்கத்தான் குமுதா தேடினாள். வரவில்லை. அப்பா பெயரோடு சேர்த்துத் தட்டினாள். அடையாள அட்டையில் இருக்கிறபடி தட்டினாள். ஒரு 'எச்' கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். தன் பெயரைத் தட்டியதும் உடனே வந்து நின்றது. மத்தியானம் வாரியத்துக்கே போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையாகத் தேடிவிட்டு, காலாவதியானவர்கள் பட்டியலில்கூட அப்படியொரு பெயர் இல்லை என்று மலாயில் சொன்னாள். ஒருநாளும் இருந்ததில்லை என்றாள்.

மறுநாள் காலை வகுப்பு முடிந்து பெண்கள் இறங்கிப் போகும்வரை குமுதா காத்திருந்தாள்.

"நான் பாஸாயிட்டேன் ஷர்மினி."

ஷர்மினி கத்திக்கொண்டே ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

"பதிவேட்டுல உம்பேரத் தேடுனேன்."

முதுகில் இருந்த கைகள் அப்படியே இருந்தன. அவற்றில் இருந்த இறுக்கம் மட்டும் போய்விட்டது. ஷர்மினி விலகி, சுருட்டிய பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"ரிசல்ட் வாரதுக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டேன்க்கா. மாமியார்லேருந்து எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன். பெயிலுன்னு எப்பிடிப் போயி நிக்கிறது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"ரெண்டு பேரும் பெயிலுன்னா கிளாஸ் ஏதுக்கா?"

அதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது. அதுதான் குமுதாவை இன்னும் சுட்டது. தான் அழுத அந்தத் தோளும் அன்றைக்குத் தோற்ற தோள்தான். இருவருமாகச் சேர்ந்து அழுதிருக்கலாம்.

"கேக்கு எதுக்குடி வாங்கிட்டு வந்த?" என்றாள்.

ஷர்மினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த தேர்வைக் கண்டிப்பாக எழுதுவதாகவும், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கெஞ்சினாள். வாசலுக்குப் புதுப் பேனர் அச்சுக்குப் போகிற வாரம் அது. "நானே கடைக்குப் போயி என்னோட எழுத்த எடுத்துடுறேன், ஒங்க எழுத்தப் போடச் சொல்றேன்" என்றாள். குமுதா ஒரு தாளில் நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தாள்: குமுதா இராமசாமி, சிஎஃப்டி. புள்ளி வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். தன் குறிப்பேடுகளையும் கொடுத்து, தசைகளின் பெயரைத் தானே சொல்லித் தருவதாகச் சொன்னாள். வீட்டுக்குப் போகும்போது, மன்னித்துவிட்டோம் என்றே அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை நிறுத்தி நிமிர்ந்தபோது பேனர் ஏற்கெனவே கட்டியிருந்தது. ஷர்மினி, சி.எஃப்.டி. என்று ஆள் உயரத்துக்கு. அதன் அடியில், தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில், உதவி: குமுதா. அவ்வளவுதான்.

அங்கேயே நின்று போன் செய்தாள். மேல்மாடி ஜன்னலில் ஷர்மினியின் தலை தெரிந்தது. அவள் கீழே பார்க்கவில்லை.

"ஒங்களுக்குப் புதுசாப் போட்டா, நெசமான்னு ஆளுங்க பதிவேட்டுல போயித் தேடுவாங்கக்கா" என்றாள் மெதுவாக. "ஒங்க பேரு வரும். அப்புறம் எம்பேரயும் தேடுவாங்க. யோசிச்சுப் பாருங்க."

"நான் எழுதிக் குடுத்த தாளு?"

"இத்தன வருஷம் எழுத்து இல்லாமத்தானக்கா இருந்தீங்க. இன்னும் கொஞ்ச நாளு இருந்தா என்னா?"

போன் அடங்கிய பிறகும் குமுதா அதைக் காதிலேயே வைத்திருந்தாள். முதல் பொய்யை ஷர்மினி பயத்தில் சொன்னாள், அது புரிந்தது. இதை யோசித்து, அச்சுக்கடைவரை நடந்து போய், குமுதா எழுதிக் கொடுத்த தாளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள். மூன்று தேர்வுக்காக விடியுமுன் எழுந்து படித்த பாடமெல்லாம் இவளை மறைத்து வைக்கிற திரையாகத் தொங்குவதற்குத்தானா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வாய்தான் கசந்தது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜொஹரா பீவி கைத்தடியோடு வந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் புடிச்சுக்கம்மா, ஏறிடுவோம்."

குமுதா தோளைக் கொடுத்தாள். ஏறும்போதே பீவி பேசிக்கொண்டு வந்தார். "இன்னைலேருந்து குதிக்கிற பயிற்சி இருக்காம். ஷர்மினி சொல்லிச்சு. டாக்டரு குதிக்கவே கூடாதுன்னாரு. ஆனா டாக்டரு என்னாத்தம்மா கண்டாரு, இந்தப் புள்ள இதுக்குன்னே படிச்சதாச்சே. நீதான சொன்ன."

பாதி மாடிப்படியில் குமுதா நின்றுவிட்டாள். மேலே பாட்டு தொடங்கியது. ஷர்மினி தெளிவான குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க, இருபது பெண்களின் பாதங்கள் ஒருசேரத் தரையில் விழுந்தன. தோளில் பீவியின் எடை முழுவதும் இருந்தது. அவருடைய நல்ல கால் மேல் படியிலும் அறுத்துத் தைத்த கால் கீழ்ப்படியிலும் இருந்தன.

"ஏம்மா நின்னுட்ட?"

குமுதா அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "பீவிம்மா" என்றாள்.

மேலே எண்ணிக்கை எட்டைத் தொட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.