மிரட்டிப் பூக்க வைத்த மரம்

ஏசுபாதம் வீட்டு மரம் எவ்வளவு பெரியது என்று கேட்டால் நான் அடிக்கணக்கு சொல்வதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கல்பாக்கத்தில் நான் ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் நல்ல மழை, வைப்பர் வேலை செய்யவில்லை. பஸ்ஸைக் கொண்டுபோய் அந்த மரத்தின் ஒரே ஒரு ஓலைக்கு அடியில் நிறுத்தினேன். உள்ளே ஐம்பத்திரண்டு பேர். ஒருவர் மேலும் ஒரு துளி விழவில்லை. அதற்குக் காரணம் பஸ்ஸின் கூரைதான் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் யாரும் அன்றைக்கு அந்த பஸ்ஸில் வரவில்லை.

ஏசுபாதம் என்னைவிட எட்டு வயது இளையவன். அணுமின் நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மீட்டர் முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. அவன் அப்பா, தாத்தா எல்லாரும் திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நட்டது அத்தனையும் அடுத்தவர் களத்துக்குப் போனது. எண்பத்தாறில் புதுப்பட்டினத்தில் இவன் ஐந்து சென்ட் மனை வாங்கினான். அந்தக் குடும்பத்தில் பத்திரம் என்று ஒன்றைக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான். வீடு கட்டக் கையில் ஒன்றும் இல்லை. அதனால் முதலில் ஒரு விதையை நட்டான். கேரளாவுக்கு டிரெய்னிங் போனபோது தங்கியிருந்த விடுதியின் வாசலில் பொறுக்கி, பேண்ட் பையில் போட்டுக்கொண்டு வந்தது. எலுமிச்சங்காய் அளவில் உருண்டையாக, கல் மாதிரி இருக்கும். என்ன விதை என்று அவனுக்குத் தெரியாது.

அது முளைத்தது. அதன் பிறகு அவன் கட்டிய வீடு, அந்த மரம் விட்டுக்கொடுத்த இடத்தில் கட்டியதுதான்.

பனை இனத்தில் மற்ற செடிகளும் நிறைய வைத்திருந்தான். அரேகா, ஃபாக்ஸ்டெயில், ராஜபனை, பாட்டில் பாம் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஆலையில் கருவிக்குக் கட்டுவது போல ஒரு அலுமினியத் தகடு தொங்கும். அதில் எண்ணும் பேரும் எழுத்தச்சு வைத்து அடித்திருப்பான். மாமல்லபுரத்து நர்சரிக்காரர்கள் சைக்கஸைப் பனை என்று சொல்லி விற்றால், அங்கேயே நின்று, அது பனைக்குச் சொந்தமே இல்லை என்று மூன்று காரணத்தோடு விளக்குவான். அவனைத் தூரத்தில் பார்த்ததும் சைக்கஸ் தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்கும் கடை இரண்டை எனக்குத் தெரியும்.

பெரிய மரத்தின் தகடு மட்டும் முப்பத்தெட்டு வருஷமாக வெறும் தகடு.

செடி ஆர்வலர்கள் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் போட்டோ போட்டான். ஒருவர் பிஸ்மார்க் என்றார். ஒருவர் வாஷிங்டோனியா என்றார். ஒருவர் இது தென்னைதான், தண்ணீர் போதவில்லை என்றார். செங்கல்பட்டில் தாவரவியல் டீச்சராக இருந்த சங்கரி என்ற அம்மா மட்டும் ஒரே வரி எழுதினார்: "போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது சார், பூத்தால் தெரியும்."

அன்றிலிருந்து அவனுக்குப் பூ பைத்தியம். தினமும் காலையில் மொட்டை மாடிக்குப் போய் பைனாகுலர் வைத்துக் குருத்தைப் பார்ப்பான். இரண்டு வருஷம் பார்த்தான். ஓலைதான் வந்தது, அதுவும் முன்னைவிடச் சின்னதாக.

போன வருஷம் தை மாதம் நான்தான் ஆரம்பித்தேன்.

"மெரட்டணும்டா," என்றேன்.

"இன்னா அண்ணாத்த, மரத்தப் போயா?"

"ஆமா. நான் கோடாலி எடுத்துகினு வருவேன். 'முப்பத்தெட்டு வருசமா தின்னுகினு கீற, ஒரு பூவு உண்டா, இரு வெட்டிப் போடறேன்'னு ஓங்குவேன். நீ குறுக்க வந்து, 'வுட்டுடு அண்ணாத்த, அடுத்த தைக்குள்ள பூத்துடும், நான் ஜவாப்தாரி'ன்னு கெஞ்சணும். அவ்ளோதான். எங்க தெரு தென்னைங்க எல்லாம் இப்டி பயந்து காய்ச்சதுதான்."

"நான் சர்ச்சுக்குப் போறவன், அண்ணாத்த."

"நீ போற. மரம் போவுதா?"

அவன் மனைவி மார்கரெட் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கும் பென்ஷன் வந்துடுது. அப்புறம் இப்டிதான் மூளை போவும்," என்றாள். "வெட்டறதுன்னா நெஜமாவே வெட்டுங்கண்ணா. கொடி கட்ட எடம் கெடைக்கும்."

சனிக்கிழமை காலை கோடாலியோடு போனேன். நானும் நன்றாகத்தான் நடித்தேன். மரத்தின் அப்பன், பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினேன். காற்று துளி இல்லை, ஆனால் மேலே ஓலை நடுங்கியது. அடுத்த தெருவில் சம்பந்தமே இல்லாத ஒரு தென்னை பயத்தில் இரண்டு மட்டையைக் கீழே போட்டது. ஆனால் கெஞ்ச வேண்டிய இடத்தில் ஏசுபாதம் வசனத்தை மறந்துவிட்டான். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம்," என்று மட்டும் சொன்னான். பிடி வலித்தது. கண்ணைப் பார்த்தேன். அவன் நடிக்கவில்லை.

ஆனி மாதம் உச்சியிலிருந்து ஒரு கூம்பு எழுந்தது. ஓலை இல்லை. பத்து நாளில் ஓர் ஆள் உயரம், ஒரு மாதத்தில் மூன்று ஆள் உயரம். அப்புறம் அது கிளை கிளையாகப் பிரிந்து, கோடிப் பூ என்றால் கோடி, எண்ணியவன் நான். மரத்தின் தலையில் வெள்ளைப் புகை நின்ற மாதிரி இருந்தது. தெரு முழுக்கப் புளித்த மோர் வாசனை. ஈசிஆரில் போகிற கார்கள் எல்லாம் உள்ளே திரும்பி வந்தன. கல்யாணப் பெண் மாப்பிள்ளை இரண்டு ஜோடி வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேடந்தாங்கலில் சீசன் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த நாரைகள், இதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்கு மாதம் தாமதமாகக் கிளம்பின.

ஏசுபாதம் வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தான். "எங்க வூட்டு மரம்," என்று சொல்லும்போது 'எங்க' என்ற வார்த்தையைக் கொஞ்சம் இழுத்தான்.

சங்கரி அம்மா செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே அண்ணாந்து நின்றுவிட்டார். "தாளிப்பனை சார். குடைப்பனைன்னும் சொல்வாங்க. சந்தேகமே இல்ல. இது பூத்து நான் நேர்ல பாத்ததே இல்ல."

ஏசுபாதம் உள்ளே ஓடினான். எழுத்தச்சும் சுத்தியலும் எடுத்து வந்து, தகட்டைப் படியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். அவசரத்தில் 'ளி' சாய்ந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் தகட்டையே மாற்றியிருப்பான். அன்றைக்கு அப்படியே கட்டினான்.

மார்கரெட் டீ கொண்டுவந்தாள். சங்கரி அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "காய் பழுக்க ஒரு வருஷம் ஆகும் சார். எனக்கு நாலு விதை எடுத்து வைங்க. மரம் போறதுக்குள்ள."

"மரம் எங்க போவுது?" என்றான் ஏசுபாதம்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். இது வாழ்நாள்ல ஒரு தடவதான் பூக்கும். காய் பழுத்ததும் மரம் செத்துடும்."

"பூவ வெட்டிட்டா?"

"வெட்டினாலும் சாகும். பனை ஜாதிக்குக் குருத்து ஒண்ணே ஒண்ணுதானே. அந்தக் குருத்துதான் பூவா மாறிடுச்சு. இனிமே ஓலை வர்றதுக்கு உள்ள எடமே இல்ல."

"நீங்க முன்னாடியே சொல்லல மேடம்."

"நீங்க பேர்தானே சார் கேட்டீங்க."

அவன் தகட்டில் இருந்த பேரை விரலால் ஒரு தடவை தேய்த்தான். பிறகு, "அந்த ஹாஸ்டல் வாசல்ல ஒரு காஞ்ச மரம் நின்னுகினு இருந்துச்சி," என்றான். "தல இல்லாம, மொட்டையா. அதும் கீழதான் இந்த வெத கெடந்துச்சி. இடி வுழுந்து செத்துருக்கும்னு நெனச்சேன்."

நான் மெதுவாகக் கேட்டேன்: "நான் மெரட்டினதாலயா மேடம்?"

"சேச்சே. ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே உள்ள முடிவாகியிருக்கும். அதான் ஓலை சின்னதா வந்திருக்கு."

இந்தப் பதில் ஏசுபாதத்தின் காதில் விழ வேண்டும் என்றுதான் கேட்டேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு மரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். விதையைப் பற்றி மட்டும் பேசினான். "ஒண்ணு போதும் அண்ணாத்த. ஒரு கன்னு. இதே மண்ணுல."

"அது பூக்க இன்னும் நாப்பது வருசம் ஆவும்டா."

"பூக்க வேணாம். இருந்தா போதும்."

பூ உதிர்ந்து காய் பிடித்தது. பச்சைப் பச்சையாக, கொத்துக் கொத்தாக. பழுக்க அடுத்த ஆனி வரைக்கும் ஆகும். அவன் காலண்டரில் தேதி குறித்தான். அடிஓலைகள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. ஒரு ஓலை விழுந்தால் இரண்டு பேர் சேர்ந்துதான் இழுக்க வேண்டும். ஒன்று குளியலறை ஆஸ்பெஸ்டாஸை உடைத்தது. ஒன்று என் சைக்கிள் மேல் விழுந்தது. சைக்கிளை இன்னும் முழுசாகத் தேடி எடுக்கவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. இரவெல்லாம் அடித்துவிட்டு, காலையில் ஒன்றுமே தெரியாத மாதிரி வெயில் அடித்தது. நான் போனபோது மரம் நின்றுகொண்டிருந்தது. உச்சியில் இருந்த பூத்தண்டு மட்டும் அடியோடு முறிந்து தெருவில் கிடந்தது. பச்சைக் காய் தெரு முழுக்க உருண்டிருந்தது. பால்காரர் வண்டி அதில் சறுக்கி விழுந்தது. ஏசுபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

சங்கரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம். ஒரு காயை அரிவாள்மனையில் நறுக்கிக் காட்டச் சொன்னார். உள்ளே நுங்கு மாதிரிக் கூட இல்லை, வெறும் தண்ணீர்.

"முத்தல சார். முளைக்காது."

"ஒண்ணு ரெண்டு?"

திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிக்னல் போய்விட்டது என்று ஏசுபாதம் சொன்னான். போகவில்லை.

முந்நூறு காயைத் தேர்ந்தெடுத்து, முந்நூறு அரிசிச் சாக்கில் செம்மண்ணும் மணலும் கலந்து நட்டான். புதுப்பட்டினத்தில் அந்த மாதம் காலி சாக்கு கிடைக்காமல் ரேஷன் கடையிலேயே திண்டாடினார்கள். காலையும் மாலையும் தண்ணீர். மரத்துக்கும் ஊற்றினான். அதற்கு அப்போது மூன்று ஓலைதான் பாக்கி. தை போய், மாசி வந்தது. சாக்குகளில் கோரைப்புல் முளைத்தது. அவன் அதையும் ஒவ்வொன்றாகக் கூர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினான்.

"அவரு சாப்புடறது இல்லண்ணா," என்றாள் மார்கரெட். "தட்டுல போட்டா பாத்துகினே கீறாரு. நீங்கதான் ஊருக்கெல்லாம் கதை சொல்றீங்களே, இவருக்கு எதுனா சொல்லக் கூடாதா?"

நான் சொல்லவில்லை, செய்தேன். சதுரங்கப்பட்டினத்தில் தெரிந்தவர் ஒருவர் கிழங்குக்காகப் பனங்கொட்டை புதைத்து வைப்பார். தையில் தோண்டாமல் ஓரத்தில் விட்டுவிட்ட கொட்டை ஒன்று, கிழங்கு இறங்கி முனை மேலே எட்டிப் பார்க்கும் நிலையில் இருந்தது. அதை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்து, அவன் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் கடைசி வரிசைச் சாக்கு ஒன்றில் புதைத்தேன். முதல் ஓலை எல்லாப் பனைக்கும் ஒரே மாதிரி, வெறும் நாடாதான். வித்தியாசம் தெரிய இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் நான் செத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஏசுபாதம் ஒரு கால் செருப்போடு என் வீட்டுக்கு ஓடி வந்தான். "அண்ணாத்த! வந்துடுச்சி! ஒண்ணு வந்துடுச்சி!"

நானும் ஓடினேன். நானும் ஆச்சரியப்பட்டேன். ஒரு விரல் நீளப் பச்சை. அவன் அதைத் தொடவில்லை, மூச்சு படாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தான். அன்றைக்கு அவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக மார்கரெட் சொன்னாள். ஒன்பது நாள் அப்படிப் போனது. மரத்தின் கடைசி ஓலை விழுந்தபோதுகூட அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "செரி," என்று மட்டும் சொன்னான்.

பத்தாம் நாள் மதியம் போன் பண்ணிக் கூப்பிட்டான். போனேன். முற்றத்தில் முந்நூறு சாக்கும் கவிழ்ந்து கிடந்தன. மண் ஒரு பக்கம் குவிந்திருந்தது. அவன் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு தட்டு, அதில் ஆவி பறக்க ஒரு பனங்கிழங்கு, இரண்டாகப் பிளந்து.

"உக்காருங்க," என்றான்.

உட்கார்ந்தேன். அவன் மீட்டர் முள்ளையே விட்டுவைக்காதவன். முளைத்த விதை எப்படி இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் இருப்பான் என்று நான் எப்படி நினைத்தேன்?

"உப்பு, மஞ்ச போட்டு அவிச்சேன்," என்று ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான்.

"ஏசு..."

"சாப்புடுங்க அண்ணாத்த. ஆறிடப் போவுது."

கிழங்கு முற்றி வெறும் நாராக இருந்தது. மார்கரெட் வாசலில் நின்று, "துப்பிடுங்க ரெண்டு பேரும், தொண்டையில மாட்டிக்கும்," என்றாள். நாங்கள் மென்றுகொண்டே இருந்தோம். எதிரே மொட்டை மரம். செவ்வாய்க்கிழமை ரம்பக்காரர்கள் வருகிறார்கள், கரண்டு கம்பி மேல் விழுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று மின்வாரியத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அடிமரம் உள்ளே சோறு மாதிரிக் குழைந்துவிட்டதாம், தட்டினால் சத்தமே வரவில்லையாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "எதுனா கதை சொல்லுங்க அண்ணாத்த," என்றான்.

சித்திரை மாதம், உச்சி வெயில், வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை.

"நாளைக்கு மழை வரும்," என்றேன்.

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.